ஒளிப்படிமவியலும் அதன் ஆய்வுகூடமும்

அறிவுக்கு வாயிலாக அமைந்த அளவைகளுள் காட்சியளவையை முன்வைத்து எண்ணுவது நம் தருக்க நூலார் மரபு. எனினும், கண்டதெல்லாம் உண்மையென்று அவர் கொண்டாரல்லர். இதுவோ அதுவோ எனத் துணிய மாட்டாது நிற்பது ஐயக்காட்சி. ஒன்றை மற்றொன்றாகத் துணிவது திரிவுக்காட்சி. இவ்விரு குற்றமும் நீங்கியதே மாசறு காட்சி. கயிற்றைப் பாம்பென மயங்கியவனுக்கு ஒரு விளக்குப் போதும். ஆனால், நோயாளியின் தோலுக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ள கலங்கள் இயல்பானவையா, புற்றுநோய் வாய்ப்பட்டவையா என ஐயுறும் மருத்துவனுக்கு விளக்கு மட்டும் போதாது. உயிருள்ள உடலின் உட்பகுதியை ஒளியின் துணைகொண்டு படமாக்க முயலும் துறையே உயிர்மருத்துவ ஒளிப்படிமவியல். அத்துறைக்கு அமைக்கப்படும் ஆய்வுகூடத்தில் எத்தகைய உபகரணங்கள் வேண்டும், அவை எதற்காக வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவிகளின் பெயரும் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றின் தேவைக்கான காரணமோ மாறாது. வேண்டாத ஒளியினின்றும் வேண்டிய ஒளியைப் பிரித்தெடுத்தல் என்னும் ஒரு காரியத்திற்காகவே அங்குள்ள யாவும் உள்ளன.

கொழும்பு மாநகருக்கு இத்துறை முற்றிலும் புதியதன்று. 1900ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட பற்றீரியவியல் நிலையமே பிற்காலத்தில் பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1903இல் அதன் பொறுப்பை ஏற்க வந்த இத்தாலிய அறிஞர் அல்டோ கஸ்தெல்லானி, 1905இல் ஈழத்தில் பறங்கி நோய் எனப்பட்ட யோஸ் நோய்க்குக் காரணமான சுருளுயிரைக் கண்டுபிடித்தார். அவ்வுயிரின் பருமன் ஒரு மைக்கிரோமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. 1873இல் ஜேர்மனிய அறிஞர் ஏர்ணஸ்ட் அபே, ஒளி நுணுக்குக்காட்டி ஒன்று பிரித்துக்காட்டக்கூடிய நுண்மைக்கு ஓர் எல்லை உண்டென்றும், அவ்வெல்லை ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி என்றும் காட்டியிருந்தார். அதாவது ஒரு மைக்கிரோமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, ஒளிக் கருவியின் எல்லைக்கோட்டில் நின்றே கொழும்பில் அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது எனலாம்.

அதன்பின் இந்நாட்டின் சுகாதார வரலாற்றில் நுணுக்குக்காட்டி ஆற்றிய பணி பெரிது. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாவையும், நுளம்புகள் பரப்பிய யானைக்கால் நோயையும் எதிர்த்து நடந்த நெடும் போராட்டத்தில், குருதித்துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமூட்டிப் பார்ப்பதே நோயறியும் முதன்மையான வழியாக இருந்தது. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவு வேளையிலேயே புறக்குருதியில் மிகுதியாக உலவுவன. ஆதலின் யானைக்கால் நோய்த்தடுப்பு இயக்கத்தினர் இரவில் வீடுவீடாகச் சென்று குருதி சேகரித்தனர். எப்பொழுது பார்ப்பது என்பதும் எதைக்கொண்டு பார்ப்பது என்பதைப் போன்றே முக்கியமானது என்பதை இது உணர்த்துகின்றது. 2016இல் இவ்விரு நோய்களும் இலங்கையில் ஒழிக்கப்பட்டன என உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. தகட்டில் உள்ளது உடலினின்றும் பிரிக்கப்பட்டது, மெல்லிய படையாக்கப்பட்டது, சாயமேற்றப்பட்டது, பெரும்பாலும் இறந்தது. உயிருள்ள இழையத்தை உடலிலேயே வைத்துக் காண விரும்பினால் இடர் தொடங்குகின்றது. இருண்ட அறையில் மின்சூள் ஒன்றைக் கொளுத்தி உள்ளங்கையால் அதன் வாயை மூடிப் பார்க்கலாம். கை முழுவதும் செக்கச்செவேலென ஒளிரும். ஆனால் எலும்பின் உருவம் புலப்படாது. ஒளி கையை ஊடுருவுகின்றது என்பதும், ஊடுருவிய ஒளி உருவத்தைக் கொண்டுவரவில்லை என்பதும் இவ்வெளிய சோதனையாலேயே விளங்கும். குருதியிலுள்ள ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் பெரிதும் உறிஞ்சிவிடச் சிவப்பு மட்டும் எஞ்சுகின்றது. எஞ்சிய அச்சிவப்பும் நேர்வழி செல்வதில்லை. கலங்களும் நார்களும் அதனை ஏறக்குறையப் பத்திலொரு மில்லிமீற்றருக்கு ஒருமுறை வழிதிருப்பிவிடுகின்றன. பாலின் ஊடாகப் பாத்திரத்தின் அடியைக் காண முடியாதிருப்பதும் இக்காரணத்தாலேயே.

எனவே உறிஞ்சல், சிதறல் என்னும் இரண்டுமே இத்துறையின் இரு பகைகள். முதற்பகைக்கு மாற்று, அலைநீளத்தைத் தெரிந்தெடுத்தலாகும். ஏறத்தாழ 650 முதல் 900 நனோமீற்றர் வரையுள்ள சிவப்பும் அதற்கு அப்பாற்பட்ட கண்ணுக்குப் புலனாகா ஒளியும் குருதியாலும் நீராலும் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், அவை பல மில்லிமீற்றர் ஆழம்வரை புகவல்லன. 2020இல் பெருந்தொற்று வந்தபோது பல இல்லங்களில் இடம்பெற்ற விரல்நுனிக் கருவி இவ்வுண்மையைப் பயன்கொண்டதே. யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1970களில் வகுத்த முறைப்படி, அது 660 நனோமீற்றர், 940 நனோமீற்றர் என்னும் இரு ஒளிகளை விரலினூடு செலுத்துகின்றது. ஒட்சிசன் ஏற்ற குருதியும் ஏலாத குருதியும் அவ்விரண்டையும் வேறுவேறு அளவில் உறிஞ்சுவதனால், அவற்றின் விகிதத்தைக்கொண்டு குருதியின் ஒட்சிசன் நிறைவு அறியப்படுகின்றது.

இரண்டாம் பகையாகிய சிதறலை வெல்லுதல் இதனினும் கடினம். இதற்கென வகுக்கப்பட்ட வழிகளுள் இரண்டினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, இடத்தால் பிரித்தல். 1957இல் அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்த பொதுக்குவிய நுணுக்குக்காட்டியில், வில்லை குவிக்கும் புள்ளியிலிருந்து வரும் ஒளி மட்டும் ஓர் ஊசித்துளையினூடு செல்லும். மேலும் கீழும் சிதறி வருவது துளையின் விளிம்பில் தடுக்கப்படும். ஒரு நேரத்தில் ஒரு புள்ளியே புலப்படுமாதலால், புள்ளியைப் பக்கவாட்டில் நகர்த்திப் படத்தைக் கட்டவேண்டும்.

இரண்டாவது, காலத்தால் பிரித்தல். நேரே சென்று மீளும் ஒளி முந்தியும், அலைந்து திரும்பும் ஒளி பிந்தியும் வரும். ஆனால் பத்து மைக்கிரோமீற்றரைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் முப்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கே. அதனை நேரடியாக அளக்கும் மின்னணுக் கடிகாரம் இல்லை. ஆதலின், ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இழையத்துக்கும் மற்றைப் பாதியை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, மீண்டு வருவனவற்றை ஒன்றுசேர்த்து, அவற்றின் தலையீட்டை நோக்குகின்றனர். பல அலைநீளங்கள் கலந்த ஒளியைப் பயன்படுத்தினால், இரு வழிகளும் சமநீளமாகும்போது மட்டுமே தலையீடு தோன்றும். 1991இல் அமெரிக்காவில் புஜிமோட்டோ, குவாங் முதலியோர் வெளியிட்ட இம்முறை இன்று கண்மருத்துவத்தில் விழித்திரையின் படைகளைக் கத்தியின்றிக் குறுக்குவெட்டாகக் காட்டுகின்றது.

இவற்றை அறிந்தபின் ஆய்வுகூடத்தின் அமைப்புத் தானே விளங்கும். முதலில் வேண்டுவது அசைவற்ற மேசை. மேற்கூறிய தலையீட்டு முறையில் 800 நனோமீற்றர் ஒளியைப் பயன்படுத்தும்போது, கண்ணாடி 200 நனோமீற்றர் நகர்ந்தாலே ஒளிர்ந்த இடம் இருண்டுவிடும். இது தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு. கிராண்ட்பாஸ் போன்று பாரவண்டிகள் ஓயாது செல்லும் வீதியருகே ஒரு மாடியில் ஆய்வுகூடத்தை அமைத்தால், ஒவ்வொரு வண்டியின் அதிர்ச்சியும் படத்தில் எழுதப்படும். ஆதலால் நிலத்தளத்தின் உட்புற அறையே தகுந்தது. அங்கும் காற்றுத் தாங்கிகளின்மேல் நிற்கும் தேன்கூட்டு உருக்கு மேசை வேண்டும். அதனை வாங்க இயலாதவிடத்து, காற்றூதிய சக்கரக் குழாய்களின்மேல் மணற்பெட்டியையோ கனத்த கற்பலகையையோ வைத்துப் பயிலும் வழக்கமும் மாணவரிடையே உண்டு.

அடுத்து இருள். உணர்கருவி மிக நுண்ணிய ஒளியையும் எண்ணவல்லது. எனவே கதவிடுக்கில் நுழையும் வெளிச்சமும், கணினித் திரையின் ஒளியும், மின்கருவியின் சிறு செவ்விளக்கும் பகையாகும். சுவர்களுக்கும் திரைகளுக்கும் மங்கிய கருநிறம் பூசுவது இதற்காகவே. உணர்கருவி தனக்குள்ளேயும் இருள்பெற வேண்டும். ஒளியே படாதபோதும் வெப்பத்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். சிலிக்கன் உணர்கருவிகளில் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை குறையுந்தோறும் இவ்விருட்டோட்டம் பாதியாகும். நுண்ணிய ஒளியைப் படமாக்கும் கமெராக்கள் குளிரூட்டப்படுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, ஈரமின்மை. மேனாட்டு நூல்கள் இதனைச் சிறிதளவே கூறும். கொழும்பிலோ இது தலையாய கவலை. நம் காற்றின் ஈரப்பதன் வில்லைகளின்மேல் பூஞ்சணம் வளர மிக ஏற்றது. நூல்போற் படரும் அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும்; அதன்பின் துடைத்தும் பயனில்லை. வேலை நேரத்தில் மட்டும் குளிரூட்டியை இயக்கி மாலையில் நிறுத்துவது தீங்கையே கூட்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்றுப் படிந்து நீராகும். ஈரத்தை நாற்பது ஐம்பது வீதத்தில் வைக்கும் கருவி இரவும் பகலும் இயங்குதல் வேண்டும். அதற்கு இயலாவிடின் வில்லைகளை உலர்த்தியுடன் மூடிய பேழையில் இடுதல் வேண்டும். மின்னழுத்தத்தின் ஏற்றவிறக்கத்தைத் தாங்கும் காப்புக் கருவியும் இவ்வகையில் அடங்கும்.

நான்காவது, காவல். கண்ணுக்குத் தெரியும் ஒளி பாய்ந்தால் இமை தானே மூடும். தெரியாத செவ்வொளிக்கு அப்பாற்பட்ட லேசர்க் கதிருக்கோ இமை மூடாது. வில்லையுள்ள கண் அதனை விழித்திரையில் குவிக்க, வலியின்றியே பார்வை பறிபோகக்கூடும். அந்தந்த அலைநீளத்திற்குரிய காப்புக் கண்ணாடியும், எச்சரிக்கை விளக்கும், கைக்கடிகாரம் மோதிரம் முதலிய பளபளக்கும் அணிகளை விலக்கும் ஒழுக்கமும் ஆடம்பரமல்ல.

ஐந்தாவது, கருவியைச் சோதிக்கும் கருவி. எலிமீதோ நோயாளிமீதோ சோதனை நடத்துமுன், உள்ளே என்ன இருக்கின்றதென்று நாம் முன்னரே அறிந்த ஒரு பொருளைப் படமாக்கிப் பார்த்தல் வேண்டும். இதற்கெனப் போலி இழையம் செய்வர். கடற்பாசிக் கூழில் சிதறலுக்குப் பாலும் உறிஞ்சலுக்குக் கருமையும் அளந்து கலந்தால், ஒளிக்கு அது தசையைப் போலவே தோன்றும். அதனுள் ஒரு மெல்லிய கம்பியை அறிந்த ஆழத்தில் பதித்து, படத்தில் அவ்வாழமே தோன்றுகின்றதா என நோக்கலாம். தோன்றாவிடின் அக்கருவி தரும் மற்றைப் படங்கள் யாவும் திரிவுக்காட்சியே. விலைமிக்க கருவியின் குற்றத்தை வெளிப்படுத்தவல்ல இப்பொருள் சில நூறு ரூபாய்க்குள் ஆகிவிடும். ஆயினும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

கருவியினும் ஆய்வின் ஒழுங்கே முதன்மையானது என்பதற்கு, கல்கத்தா பௌபசார் வீதி 210ஆம் இலக்க இல்லத்தில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. திருவானைக்காவிற் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன் அங்கு ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். 1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரிற் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மெல்லொளி கலந்திருக்கக் கண்டார். திரவத்திலுள்ள மாசு காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அம்மெல்லொளி மறையவில்லை. பின்னர் கே. எஸ். கிருஷ்ணன் வெற்றிடத்தில் மெல்ல வடித்துத் தூசு நீக்கிய பல திரவங்களிலும் அதுவே தோன்றியது. ஒரு தொலைகாட்டியின் வில்லையால் ஞாயிற்றொளியைக் குவித்து, ஊதா வடிகட்டியொன்றைத் திரவத்தின் முன்னும், ஊதாவை முற்றாகத் தடுக்கும் பச்சை வடிகட்டியைக் கண்ணின் முன்னும் வைத்தனர். ஒளியின் நிறம் மாறாதிருப்பின் முழு இருளே தோன்ற வேண்டும், தோன்றியதோ ஒளி. 1928 பெப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டி கொண்டும் அது உறுதியாயிற்று. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்கருவிகளின் மலிவைப் புகழ்ந்து, பணமே வேண்டா என வாதிப்பாரும் உளர். அது முழுதும் பொருந்தாது. நிறம் மாறிச் சிதறுவது கோடிக்கணக்கான ஒளித்துகள்களுள் ஒரு சிலவே. 1960இல் லேசர் பிறந்து, நுண்ணிய வடிகட்டிகளும் குளிரூட்டிய உணர்கருவிகளும் வந்தபின்னரே, அவ்விளைவைக்கொண்டு சாயமேதுமின்றி இழையத்தின் மூலக்கூறுகளை அடையாளங் காணும் முயற்சி மருத்துவத்துள் புகுந்தது. பௌபசார் கற்பிக்கும் பாடம் வேறு. ஐயத்தை ஐயமாகவே விடாது, மாசை நீக்கியும், வடிகட்டியை மாற்றியும், வேறொரு கருவியால் சரிபார்த்தும் துணிபுக்கு வந்த முறையே அங்கு மூலதனமாயிற்று.

நம் நிலைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். நன்கொடையாக வந்த அரிய கருவி, பழுதுபார்ப்பாரின்றியும் உதிரிப்பாகமின்றியும் உறைபோர்த்துக் கிடக்கும் காட்சி வளரும் நாடுகளில் அரிதன்று. ஆதலால் ஒரு துறைக்கு ஒரு கருவி என்று சிதறவிடாது, மருத்துவம், பௌதிகம், பொறியியல் ஆகிய துறைகள் கூடிப் பயன்படுத்தும் பொது ஆய்வுகூடமே நமக்கு உகந்தது. கருவியின் விலையோடு, அதனைப் பேணும் தொழில்நுட்பவியலாளரின் ஊதியத்தையும் பல்லாண்டுப் பராமரிப்பையும் முதலிலேயே கணக்கிட வேண்டும். மாணவரோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2014இல் மனு பிரகாஷும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட, மடித்த காகிதத்தாலான நுணுக்குக்காட்டியின் உதிரிகள் ஒரு டொலருக்கும் குறைந்தன. கல்லூரி ஆய்வுகூடத்தில் போலி இழையம் செய்து, நிறம் மாற்றி, தடிப்பு மாற்றி, ஒளி எவ்வளவு கடந்தது என அளந்து குறிப்பேட்டில் எழுதும் மாணவன் இத்துறையின் அடிப்படையைக் கற்றவனே ஆவான்.

திரையில் தோன்றும் வண்ணப்படம் அழகாயிருப்பது அதன் உண்மைக்குச் சான்றாகாது. அப்படத்தை நம்பியே மருத்துவன் கத்தியை எடுக்கின்றான், அல்லது எடாது விடுகின்றான். ஆய்வுகூடத்தின் மேசையும் இருளும் உலர்ந்த காற்றும் போலி இழையமும், அவன் கண்முன் நிற்பது மாசறு காட்சியாய் அமைவதற்கென்றே உள்ளன.