குடிபோதை வழக்கில் பிடிபட்ட வாகனத்தை மீட்பது எப்படி?

மது அருந்தி வாகனம் ஓட்டினால், சட்டம் தண்டிப்பது ஓட்டியவரைத்தான், வாகனத்தை அல்ல. எனவே, வழக்கு முடியும் வரை அது காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடிக்க வேண்டியதில்லை.

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி குற்றமாகும். முதல் முறை பிடிபட்டால் 6 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநரைக் கைது செய்யும்போது, வாகனத்தைத் தற்காலிகமாகப் பாதுகாக்க 202-ஆவது பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கிறது.

இந்தக் காரணத்துக்காக மட்டும் வாகனத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என தெலங்கானா உயர்நீதிமன்றம் 2021-இல் தெரிவித்தது. உடன் வந்தவர் மது அருந்தாமலும் உரிமம் பெற்றும் இருந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். இல்லையெனில் உறவினரையோ நண்பரையோ அழைக்க வேண்டும். எவரும் வராவிட்டால்தான் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லலாம் என்றும் அந்த நீதிமன்றம் கூறியது.

வாகனத்தைக் கோரிச் செல்லும் உரிமையாளர் பதிவுச் சான்று, அடையாள அட்டை, காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றைக் கொண்டு செல்வது நல்லது. வாகனத்தை ஓட்டி வருபவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும்.

காவல்துறை விடுவிக்க மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497, 503 ஆகிய பிரிவுகளின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு அளிக்கலாம். அழைக்கும்போது வாகனத்தை ஆஜர்படுத்துவதாக உறுதியளிக்கும் பிணைப் பத்திரத்தை நீதிமன்றம் கோரலாம். பிடிபட்ட வாகனங்களைக் காவல் நிலையங்களில் நீண்ட காலம் வைத்திருப்பதால் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்சநீதிமன்றம் 2002-இலேயே சுட்டிக்காட்டியுள்ளது.

வாகனம் திரும்பக் கிடைத்தாலும் ஓட்டியவர் மீதான வழக்கு தொடரும்.