எச்சரிப்பது கணினி, பொறுப்பேற்பது யார்?

கழக்கூட்டம்: நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா 1990-இல் தொடங்கப்பட்டது இவ்வூரில்தான். அமெரிக்க மருத்துவத் துறைக்காக மென்பொருள் எழுதும் பொறியாளர்கள் பலர் இங்குப் பணிபுரிகின்றனர். சில கிலோமீட்டர் தொலைவில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அத்தகைய அரசு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கணினியின் துணை எந்த நிபந்தனையில் வரவேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சுவாசம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கோத்துப் பார்த்து, நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரிப்பது இக்கருவிகளின் வேலை. கருத்து புதிதன்று. 1985-இல் அமெரிக்காவில் வெளியான ‘அப்பாச்சி-2’ மதிப்பெண் முறையை இந்திய மருத்துவர்களும் பயன்படுத்துகின்றனர். அது 13 மருத்துவமனைகளின் 5,815 நோயாளிகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. கேரளத்தை ஆண்டுதோறும் வாட்டும் எலிக்காய்ச்சலுக்கு அக்கணக்கில் எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பிறந்த நாட்டிலேயே இவை பிழைபடுவதுண்டு. ரத்தத் தொற்றை முன்னறிவிக்க ‘எபிக்’ நிறுவனம் விற்ற மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 27,700 நோயாளிகளின் பதிவுகளில் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். தொற்றுக்கு உள்ளானவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. அதேவேளையில், மருத்துவமனைச் சேர்க்கைகளில் 18 சதவீதத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. வீண் மணிக்கெல்லாம் ஓட வேண்டியவர் செவிலியர். ஊதிய உயர்வுக்காக 2017-இல் வீதிக்கு வந்த கேரளச் செவிலியரிடம் கேட்டால், இந்தச் சுமையின் எடையைச் சொல்வர்.

எபிக் மென்பொருளின் சூத்திரம் வணிக ரகசியம். பல நூறு மருத்துவமனைகளில் அது புகுந்த பின்னரே வெளியார் சோதனை நடந்தது. மாற்று வழி கேரளத்திலேயே இருக்கிறது. 2020-இல் கொரோனா காலத்தில் இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘கேர்’ மென்பொருளின் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய ‘10 படுக்கை ஐசியு’ திட்டத்தின் வழியே அது பிற மாநில அரசு மருத்துவமனைகளுக்கும் சென்றது. அது தானே முடிவு சொல்வதன்று. சிற்றூர்ப் படுக்கையின் அளவீடுகளைத் தொலைவிலுள்ள வல்லுநருக்குக் காட்டுவது. ஆயினும் பொதுப் பணத்தில் வாங்கப்படும் எந்தக் கருவியும் இவ்வாறு திறந்திருக்க வேண்டும், நம் நோயாளிகளிடம் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்று கோருவதில் தவறில்லை.

சட்டம் பாதி தூரமே வந்துள்ளது. 2020 ஏப்ரல் முதல் இத்தகைய மென்பொருளும் மருத்துவக் கருவியாகக் கருதப்படுகிறது. இறக்குமதிக்கும் அதிக ஆபத்துள்ள கருவிகளுக்கும் உரிமம் தருவது தில்லி. மருத்துவமனையோ மாநிலப் பட்டியலில். இறுதி முடிவில் மனிதக் கண்காணிப்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் நெறிமுறை வெளியிட்டது. நெறிமுறை சட்டமன்று. கணினி தவறவிட்ட நோயாளியின் குடும்பம் விற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பதா, பணியிலிருந்த இளம் மருத்துவர் மீதா என்பதை நாடாளுமன்றம்தான் தெளிவுபடுத்த வேண்டும்.