நெல் வயலில் துள்ளும் பட்டாம்பூச்சி: மருந்துக்கு முன் இறக்கையைப் பாருங்கள்

நெல் வயலில் பழுப்புப் பட்டாம்பூச்சிகள் துள்ளித் துள்ளிப் பறந்தால், 'இலைச்சுருட்டுப் புழு வந்துவிட்டது' என்று உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். அவை ஸ்கிப்பர் வகை. இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி வைக்கோல் மஞ்சள் நிறம். இறக்கையில் கருமையான நெளிகோடுகள் இருக்கும்.

ஸ்கிப்பரிலும் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு உண்டு. இறக்கையை மூடி உட்காரும்போது பின்இறக்கையைப் பாருங்கள். வெண்புள்ளிகள் வில்போல வளைந்து, உட்புறம் தனியாக ஒரு புள்ளியும் இருந்தால் பெலோபிடாஸ். இதன் ஆணுக்கு முன்இறக்கையின் மேற்புறம் சாய்வான வெளிர்கோடும் உண்டு. அந்தத் தனிப்புள்ளியும் கோடும் இல்லையென்றால், பெரும்பாலும் போர்போ.

இரண்டின் புழுக்களும் இலையை ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை தின்னும்; சேதம் பொதுவாகக் குறைவு. கையால் பொறுக்கி அழித்தாலே போதும். இலைச்சுருட்டுப் புழுவோ இலையை மடித்து, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளைக் கோடுகள் விழும். தூர்விடும் பருவத்தில் 10 சதவீதம், கண்ணாடி இலைப் பருவத்தில் 5 சதவீதம் இலைகள் சேதமானால் மட்டும் மருந்து போதும். தேவையின்றித் தெளித்தால் சிலந்திகளும் குளவிகளும் மடிந்து, புகையான் பெருகும்.

சந்தேகமிருந்தால், இறக்கை மூடிய நிலையில் பூச்சியையும், கடிபட்ட இலையையும் படமெடுத்து அனுப்புங்கள்.