தோட்டத்துப் பிள்ளையும் அயல்நாட்டுச் சர்வகலாசாலையும்

சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டில் பிறந்து, கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் பயின்று, கடல் கடந்து சென்று அண்ணாமலைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றுத் திரும்பிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், வெள்ளைக்கார முதலாளிகள் தம் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தலைப்பட்ட காலத்தில், லயத்து வீடுகளில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளரிடம் மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி எனச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதை மலேசியத் தமிழர் அறிவர். தனித்தனியே எவராலும் ஓர் ஏக்கரும் வாங்க இயலாத மக்கள், அச்சங்கத்தின் மூலமாகக் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் முதலாகத் தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆயினர். அயல்நாட்டுக் கல்விக்குப் பொருள் தேடும் ஏழைக் குடும்பத்திற்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அப்பொருளும் பெரும்பாலும் ஒரே கையிலிருந்து வருவதில்லை, பல இடங்களிலிருந்து பகுதி பகுதியாகவே வந்து சேர்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அயல்நாட்டுக் கல்விக்கு வாய்ப்புகள் மிகச் சில. 1885-ஆம் ஆண்டு தொடங்கிய ராணியின் உபகாரச் சம்பளம் அவற்றுள் ஒன்று. பினாங்கில் பிறந்து அதனைப் பெற்று 1896-இல் கேம்பிரிட்ஜ் சென்ற வூ லியன் தே என்னும் சீன இளைஞரே, பின்னர் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கி உலகப்புகழ் எய்தியவர். அவர் தம் முதிய வயதில் ஈப்போவில் வைத்தியம் பார்த்துக்கொண்டே நன்கொடை திரட்டி இந்நகரத்திற்கு ஒரு நூல்நிலையத்தை அளித்தார் என்பதை இவ்விடத்தில் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆனால் அந்த உபகாரச் சம்பளம் ஆங்கிலப் பள்ளிகளில் முதன்மை பெற்ற வெகு சிலருக்கே எட்டியது. ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு அப்படி ஒன்று உண்டு என்ற செய்தியே வந்து சேரவில்லை.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற இடங்களிற் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. எல்பில், ஹீவுட், டோவன்பி முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களிலே உயிர்வாழ்கின்றன. தோட்டத்தை விட்டு ஈப்போவின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்வதும், அடுத்த வாரமே கவலையில் ஆழ்வதும் நாம் அடிக்கடி காணும் காட்சி. அக்கவலையைத் தீர்ப்பதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பணம் எதற்கு உரியது என்பதே.

பெரும்பாலோர் முதலில் நினைப்பது பி.டி.பி.டி.என். கடனை. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்நிதி உள்நாட்டுக் கல்விக்கே உரியது. அதை நம்பி அயல்நாட்டுக்குப் புறப்பட இயலாது. அயல்நாட்டுக்கு அனுப்புவது பொதுச் சேவைத் துறையாகிய ஜே.பி.ஏ.வின் உபகாரச் சம்பளம். எஸ்.பி.எம். தேர்வில் உச்சநிலை எய்தியோருக்கு உரிய அதில், ஜப்பான், கொரியா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளுக்கு மாணவரை அனுப்பும் பிரிவும் உண்டு. போட்டியோ கடுமையானது, படித்து முடித்த பின் குறித்த ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்பந்தமும் எழுதித்தர வேண்டும். இவ்வொப்பந்தங்களிலும் பல கல்விக் கடன்களிலும் ஏழைப்பிள்ளை தடுக்கி விழும் இடம் ஜாமீன் கையெழுத்து. நிலையான வருமானமுடைய ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறது படிவம். உற்றார் உறவினர் அனைவரும் நாட்கூலிக்காரராக இருக்கும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? ஒரு பிள்ளையின் எதிர்காலம் மதிப்பெண்ணால் அன்றி ஒரு கையெழுத்தின் குறையால் தடைப்படுவதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு பதைக்கிறது. ஊரில் உத்தியோகம் பார்க்கும் ஆசிரியரும் ஆலய நிர்வாகத்தினரும், அப்பிள்ளையின் குணத்தை அறிந்தவராயின், தாமே முன்வந்து அக்கையெழுத்தை இடுவார்களாக.

அடையாள அட்டையும் அவ்வாறே. தோட்டத்தில் பிறப்புப் பத்திரம் கிரமமாகப் பதிவாகாமல் போய்ச் சிவப்பு அடையாள அட்டையோடு வளர்ந்தவர்கள் நம்மிடையே உளர். அரசாங்க உபகாரச் சம்பளம் பிரஜைகளுக்கே உரியது. ஆகையால் பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே பத்திரங்களைச் சரிபார்ப்பது நலம்.

முதற்பட்டத்தை இந்நாட்டிலேயே பெற்றுக்கொண்டு மேற்பட்டத்திற்கு அயல்நாடு செல்வதே எளியவர்களுக்கு ஏற்ற வழி என்று நான் துணிந்து கூறுவேன். எஸ்.டி.பி.எம். எழுதிப் பொதுச் சர்வகலாசாலையில் சேர்ந்தால் கட்டணம் சொற்பம். நம் பேராக் மாநிலத்திலேயே கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் தனியார் சர்வகலாசாலைகள் உண்டு. முதற்பட்டத்திற்கு முழுச் செலவையும் ஏற்கும் அயல்நாட்டு நிதிகள் அரிது. மேற்பட்டத்திற்கோ அவை ஏராளம். பிரிட்டிஷ் அரசின் செவனிங், ஓராண்டு முதுகலைப் படிப்பின் கட்டணம், ஜீவனச் செலவு, விமானப் பிரயாணம் அனைத்தையும் ஏற்கிறது. விண்ணப்பிப்பவர் பட்டம் பெற்றவராகவும் ஏறத்தாழ ஈராண்டு வேலை செய்தவராகவும் இருக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் தாய்நாட்டில் ஈராண்டு இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். ஐரோப்பியர் நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில், குறைந்தது இரண்டு நாடுகளில் பயிலும் மாணவருக்குக் கட்டணம் இன்றி மாதம் 1,400 யூரோ கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ முனைவர் பட்டத்திற்குச் சேர்வோர் பலருக்கு, கற்பித்தலிலோ ஆய்வுக்கூடத்திலோ துணைபுரிவதற்கு ஈடாகச் சர்வகலாசாலையே சம்பளம் அளித்துப் படிக்க வைக்கிறது.

முதற்பட்டத்திற்கே போக விழைவோருக்கும் சில வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. ஜப்பானிய அரசின் உபகாரச் சம்பளத்திற்குத் தூதரகத்தின் வழியே எழுத்துத் தேர்வு நடக்கிறது. தேறியவர் முதலாண்டு அந்நாட்டு மொழியைக் கற்றுப் பின் நான்காண்டு பயில்வர். இந்தியக் கலாசார உறவுக் கழகத்தின் உபகாரச் சம்பளம் இந்தியாவில் பயில உதவும், ஆனால் மருத்துவம் அதில் அடங்காது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுச் சர்வகலாசாலைகளில் கல்விக்கட்டணமே இல்லை என்பது உண்மை. எனினும் ஓராண்டு ஜீவனத்திற்கு ஏறத்தாழ 12,000 யூரோவை வங்கியில் வைத்துக் காட்டாமல் பொதுவாக விசா கிட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தத் தொகைக்குப் பல பெற்றோர் நாடுவது தம் சேமநிதியை. ஊழியர் சேமநிதி 1951-இல் தோன்றியது. பிள்ளைகளின் உள்நாட்டு, அயல்நாட்டு உயர்கல்விக்காக அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள விதி இடந்தருகிறது. விதி இடந்தந்தாலும், முப்பதாண்டு விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று சேர்த்த பணம் அது. தகப்பனாரின் முதுமைக்கு வேறு ஆதாரம் இல்லாத வீட்டில் முதலிற் கைவைக்க வேண்டிய இடம் அதுவன்று. உபகாரச் சம்பளங்களுக்கும், நிலநிதிச் சங்கம் தன் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு அளிக்கும் உதவிக்கும், 1984-இல் தோன்றிய எம்.ஐ.இ.டி.யின் கல்விக் கடனுக்கும் விண்ணப்பித்துப் பார்த்து, அப்படியும் துண்டு விழுமாயின் மட்டும் அதைத் தொடலாம். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், கடவுச்சீட்டு, உடற்பரிசோதனை ஆகிய முதற்செலவுகளைப் பெரும்பாலான உபகாரச் சம்பளங்கள் முன்கூட்டித் தருவதில்லை. சில நூறு வெள்ளி கொடுத்து இவற்றில் துணைநிற்கும் ஊர்ச் சங்கம் செய்வது பேருதவி.

உபகாரச் சம்பளம் வாங்கித்தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகரை அணுகவே வேண்டாம். மருத்துவத்திற்குச் செல்வோர், அக்கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று விசாரியாமல் ஒரு காசும் கட்டலாகாது.

இறுதியாக விண்ணப்பக் கட்டுரை. நம் பிள்ளைகள் இதில் தம் தோட்டத்து வாழ்வை மறைத்து, யாரோ எழுதிய அலங்கார வாக்கியங்களை நிரப்பிவிடுகிறார்கள். தேர்வாளர் அறிய விரும்புவது, இந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது, எதைக் கண்டு இந்தப் படிப்பை விரும்பிற்று, கற்றதைக் கொண்டு தன் ஊருக்கு என்ன செய்யும் என்பதையே. தாயார் பால் வெட்டிய கதையை உள்ளபடி எழுதுவதில் குறைவேதும் இல்லை. அதனோடு அனுப்ப வேண்டிய பரிந்துரைக் கடிதங்களை, பிள்ளையை நன்கறிந்த ஆசிரியரிடம் ஒரு மாதத்திற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். விண்ணப்பக் கெடுவையும் முன்பே அறிந்து வைக்க வேண்டும்: செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் முடிந்துவிடுகிறது.