திருத்தணிப் படிகளும் 365 என்னும் எண்ணும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏறும் 365 படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பது மரபு. ஆயினும் இவ்வெண்ணின் கணிதச் சிறப்பு நாள்காட்டியைச் சார்ந்ததன்று. 10, 11, 12 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் (100 + 121 + 144) 365 கிடைக்கும். அவற்றை அடுத்து வரும் 13, 14 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் (169 + 196) அதுவே கிடைக்கும். அடுத்தடுத்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இவ்வாறு இரு வகையில் அமையும் மிகச் சிறிய எண் 365 ஆகும்.

இது தனித்து நிற்கும் சமன்பாடன்று. 3² + 4² = 5² என்பதில் தொடங்கும் வரிசையின் இரண்டாம் உறுப்பு இது. மூன்றாம் உறுப்பு 21² + 22² + 23² + 24² = 25² + 26² + 27²; இதன் மதிப்பு 2030. தொடக்க எண்களான 3, 10, 21 என்பன முறையே 1×3, 2×5, 3×7 என அமைகின்றன. இம்முறையில் வரிசை முடிவின்றி நீளும்.

எனவே இப்பண்பைப் படி அமைத்தோரின் உள்நோக்கமாகக் கொள்ளத் தனிச் சான்று வேண்டும். எண்ணின் இயல்பு வேறு. மரபு அதற்கு ஏற்றிய பொருள் வேறு.