கைண்ட் ஆஃப், சார்ட் ஆஃப்: வினைக்கு முன் வரும் தணிப்புத் தொடர்கள்

பேச்சு ஆங்கிலத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்லாமல் தணித்துச் சொல்வதற்கு வினைச்சொல்லின் முன் சேர்க்கப்படுபவை தணிப்புத் தொடர்கள் ஆகும். ‘கைண்ட் ஆஃப்’, ‘சார்ட் ஆஃப்’ ஆகிய இரண்டும் இவற்றுள் மிகுதியாக வழங்குகின்றன. முதலாவது அமெரிக்க ஆங்கிலத்திலும் இரண்டாவது பிரித்தானிய ஆங்கிலத்திலும் அதிகம் கேட்கும். விரைவான பேச்சில் ‘கைண்ட் ஆஃப்’ என்பது ‘கைண்டா’ என ஒலிக்கும். இத்தகைய சொற்களுக்கு மொழியியலில் ‘ஹெட்ஜ்’ என்று பெயர். 1972-இல் வெளியான ஜார்ஜ் லேக்காஃபின் கட்டுரை மூலம் இப்பெயர் பரவலானது.

பொருள்

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும்போது ‘கைண்ட் ஆஃப்’ என்பது ‘வகை’ என்றே பொருள்படும். ‘எ கைண்ட் ஆஃப் ஃபிஷ்’ என்றால் ஒரு வகை மீன். வினைச்சொல்லுக்கு முன் வரும்போது அந்தப் பொருள் மறைந்து, அது இரண்டு வேலைகளைச் செய்கிறது.

1. அளவைக் குறைத்தல்: ‘ஐ சார்ட் ஆஃப் அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ‘எனக்கு ஓரளவு புரிகிறது’.

2. பேச்சின் கடுமையைக் குறைத்தல்: ‘ஐ கைண்ட் ஆஃப் ப்ரோக் யுவர் கப்’ என்பவர் கோப்பையைப் பாதி உடைக்கவில்லை. அது உடைந்தே போய்விட்டது. அதைச் சொல்லும் சங்கடம்தான் தணிகிறது. ‘ஐ கைண்ட் ஆஃப் டிஸக்ரீ’ என்பதும் பெரும்பாலும் முழு மறுப்பே.

தமிழுடன் ஒப்பீடு

தமிழ் மாணவர்கள் முதல் பயனை எளிதில் அறிந்துகொள்கின்றனர், இரண்டாவதைத் தவறவிடுகின்றனர். ஆனால் அது நமக்குப் புதியதன்று. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் மூட்டையுடன் வருபவர் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்கிறார். அவருக்கு வேண்டியது கொஞ்ச வழி அன்று, முழு வழி. ‘கொஞ்சம் இங்க வாங்க’ என்றால் யாரும் பாதி தூரம் வந்து நிற்பதில்லை. இங்கே ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்கவில்லை, பணிவைக் குறிக்கிறது.

வாக்கியத்தில் இடம்

இத்தொடர் எழுவாய்க்கும் முதன்மை வினைக்கும் இடையில் வரும்: ‘ஐ கைண்ட் ஆஃப் லைக் இட்’. துணைவினை இருந்தால் பொதுவாக அதற்குப் பின் வரும்: ‘ஐ கேன் சார்ட் ஆஃப் சீ இட்’. எதிர்மறை வாக்கியத்தில் ‘டோன்ட்’ என்பதற்கு முன் வரும்: ‘ஐ கைண்ட் ஆஃப் டோன்ட் லைக் இட்’.

தவிர்க்க வேண்டிய இடங்கள்

நண்பர்களிடம் பேசவும் குறுஞ்செய்தி எழுதவும் இவை பொருந்தும். தேர்வுத்தாள், விண்ணப்பம், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் தவிர்க்க வேண்டும். நேர்காணலில் ‘கணினி இயக்கத் தெரியுமா?’ என்று கேட்கும்போது, நன்றாகத் தெரிந்த ஒருவர் அடக்கத்துக்காக ‘ஐ கைண்ட் ஆஃப் நோ இட்’ என்றால், கேட்பவர் ‘அரைகுறையாகத் தெரியும்’ என்றே எடுத்துக்கொள்வார். அங்கே ‘யெஸ், ஐ கேன்’ என்பதே போதுமானது.