உறக்கத்தில் தடைப்படும் சுவாசமும் இருதயப் பாதுகாப்பும்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு வழி அடைபட்டு, 10 வினாடியோ அதற்கு மேலோ சுவாசம் நின்றுவிடுவதுண்டு. மணிக்கு 5 முறையேனும் இவ்வாறு நேரின் அது நோயின் அறிகுறியாகும். ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. நரம்புகள் கிளர்ச்சியுற்று இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. இரவு முழுவதும் இப்பளுவைச் சுமப்பது இருதயமே.

பருத்த உடலினர்க்கு இந்நோய் மிகுதி எனினும், மெலிந்தவர்க்கு வாராது என எண்ணலாகாது. புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3, ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

இவ்வாறு மறைந்துள்ள கொழுப்பைத் தேகப்பயிற்சி குறைக்கும். அதன் பயன் இத்துடன் நில்லாது. சமையலுப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கும். பகலில் கால்களில் தங்கிய நீர், படுத்தபின் கழுத்தை நோக்கிப் பெயர்ந்து மூச்சு வழியை நெருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, அந்நீர் தேங்காது காக்கின்றன. எடை குறையாதபோதும் பயிற்சியால் சுவாசத் தடைகள் குறைவது ஆராய்ச்சிகளில் காணப்பட்டுள்ளது.

கீரை, பருப்பு, வாழைப்பழம் முதலியவற்றிலுள்ள பொட்டாசியமும் மக்னீசியமும் இருதயத் துடிப்பு ஒழுங்காக நிகழ இன்றியமையாதவை. சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே இவற்றின் அளவை உயர்த்துதல் வேண்டும்.

இவை துணைகளே, சிகிச்சைக்கு ஈடாகா. 1981-இல் ஆஸ்திரேலிய டாக்டர் சல்லிவன் வெளியிட்ட, மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தும் முறை இன்றும் முதன்மையானது. உரத்த குறட்டையும் பகலில் ஓயாத் தூக்கமும் உடையோர் மருத்துவரை நாடத் தாமதிக்கலாகாது.